பலாலிக்குப் போகும் வழி

சென்னையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் பழைய விமானக் கால அட்டவணைகளைத் தேடிச் சேர்ப்பவர். “உங்கள் ஊர் விமான நிலையத்தைப் பழைய அட்டவணையில் காங்கேசன்துறை என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் பேசும்போது பலாலி என்கிறீர்கள். இப்போது பயணச் சீட்டில் யாழ்ப்பாணம் என்று வருகிறது. மொத்தம் எத்தனை விமான நிலையங்கள்?” என்றார். ஒன்றுதான், ஓடுபாதையும் ஒன்றுதான் என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் எழுதி அனுப்பிய பின்னர் மனம் அதில் நிற்கவில்லை. அந்த ஓடுபாதையைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவதற்கு எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. அதன் தெற்கு எல்லையில் எங்கள் அம்மாவின் வளவு இருக்கின்றது. இருக்கின்றதா என்பதுதான் இக்கட்டுரையின் பாதி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை வெட்டிய ஓடுபாதை அது. போர் முடிந்ததும் வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற பாதை வீணாகவில்லை. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதலாவது சேவையைத் தொடங்கியபோது, இரத்மலானையில் இருந்து மதராசுக்குப் புறப்பட்ட ‘சீதா தேவி’ என்ற டகோட்டா விமானம் வழியில் இங்குதான் தரித்துச் சென்றது. நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்கள் இருந்தன. இலங்கையின் தேசிய விமான சேவை பறந்த முதல் நாளிலேயே யாழ்ப்பாணக் குடாநாடு அதன் பாதையில் இருந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையம் பற்றி அப்போது யாரும் கனவு கண்டிருக்கவும் மாட்டார்கள்.

அக்காலத்து அட்டவணைகளில் காங்கேசன்துறை என்ற பெயர் வந்ததற்குக் காரணம் எளிது. துறைமுகமும் புகையிரத நிலையமும் அங்கு இருந்தன. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தது. வெளியூரவருக்குத் தெரிந்த பெயர் அதுதான். ஓடுபாதை கிடந்ததோ பலாலி, வசாவிளான், மயிலிட்டி ஆகிய ஊர்களின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த மண் அது. வடக்கே மயிலிட்டியில் மீன்பிடித் துறை, தெற்கே வசாவிளானில் எங்கள் அம்மாவின் ஊர்.

அம்மாவின் தகப்பனாரை நாங்கள் அப்பு என்று அழைப்போம். பாடசாலை விடுமுறைக்கு அங்கு சென்றால், கிணற்றடியில் நின்று விமானம் பார்ப்பதே எங்கள் வேலை. 1970களின் நடுப்பகுதி அது. எயார் சிலோனின் அவ்ரோ விமானம் கொழும்பில் இருந்து வரும். இரண்டு விசிறிகளும் சுழலும் சத்தம் முதலில் கேட்கும், பின்னர் பனை வட்டுகளுக்கு மேலாக அதன் வயிறு தெரியும். அப்பு துலா மிதித்துக் கொண்டிருந்த காலம் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டிருந்தது. ஆயினும் பட்டைக்கு நீர் திருப்பும் நேரத்தை அவர் அந்த விமானத்தை வைத்தே கணித்தார். “பிளேன் வந்திட்டுது, வாழைக்கு மாத்தடா” என்பார். விமானம் தாமதித்த நாட்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கூடியிருக்கும் என்பது எங்கள் வீட்டு நகைச்சுவை.

திருச்சிக்கும் இங்கிருந்து ஒரு காலத்தில் விமானம் ஓடியது. காலையில் போய் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பியவர்கள் பற்றிய கதைகளை யாழ்ப்பாணத்தில் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். கதை சொல்பவர் ஒருவரும் தாமே போனதாகச் சொல்வதில்லை என்பதால் அவற்றை நான் முழுதாக நம்புவதில்லை. ஆனால் எங்கள் பெரிய மாமா தன் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கத் திருச்சிக்குப் பறந்தது உண்மை. அந்தச் சேலையை மாமி கடைசிவரை வைத்திருந்தார். கொழும்புக்குப் போக யாழ்தேவியில் ஒரு பகல் முழுவதும் வேண்டும், திருச்சிக்கு ஒரு மணித்தியாலம் கூட வேண்டாம். எங்களுக்கு எது அண்மை, எது தொலைவு என்பதை அன்று வரைபடமே தீர்மானித்தது. பின்னர் அதனைத் தீர்மானித்தவை வேறு.

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் இருந்து இரத்மலானைக்குச் சென்று இறங்கிய அவ்ரோ, பயணிகள் இறங்கிய பின்னர் தரையில் நின்றபடியே குண்டு வெடித்து அழிந்தது. உயிரிழப்பு இல்லை. புதிய அரசியலமைப்பு பிரகடனம் செய்யப்பட்ட நாள் அது. எயார் சிலோன் அத்தோடு முடியவில்லை எனினும் நெடுநாள் நீடிக்கவும் இல்லை. 1979இல் எயார் லங்கா பிறந்தது. புதிய நிறுவனத்தின் கண் வெளிநாட்டுப் பெருநகரங்களின் மீது இருந்தது. அப்புவுக்கு வாழைக்கு நீர் மாற்ற விமானம் இல்லாமல் போயிற்று. அவர் கைக்கடிகாரம் கட்டத் தொடங்கினார்.

1980களில் பலாலி படிப்படியாகப் படைத்தளமாயிற்று. 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படை வந்து இறங்கியதும் இங்குதான். அதே ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி, கைதாகிக் கொழும்புக்குக் கொண்டு செல்லப்படவிருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட விடுதலைப் புலி உறுப்பினர்கள் இத்தளத்தில் வைத்தே சயனைட் உட்கொண்டனர். அதன் பின் ஒரு வாரத்துக்குள் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. ஒரு சிறிய விமான நிலையத்தின் வரலாறு இவ்வளவு கனமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் வரலாறு அதுதான்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் எழுந்தார்கள். எழுந்தார்கள் என்பது எங்கள் ஊர்ச் சொல். இடம்பெயர்ந்தார்கள் என்று நான் பத்திரிகையில் எழுதினேன். அப்போது எனக்கு இருபது வயது. அப்பு இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா ஒரு பையில் காணி உறுதியையும், நில அளவையாளரின் படத்தையும், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டித் திறப்பை எடுத்து வந்தார். ஒரு கிழமையில் திரும்பலாம் என்றே எல்லாரும் நினைத்தனர். கோழிகளுக்கு ஒரு சருவம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு வந்ததாக அம்மா பல ஆண்டுகள் கழித்தும் சொல்வார்.

அதன் பின் விமான நிலையம் எங்களுக்குச் சத்தமாக மட்டுமே இருந்தது. 1995 ஏப்ரல் 28ஆம், 29ஆம் திகதிகளில் பலாலிக்கு அருகே அடுத்தடுத்து இரண்டு விமானப்படை அவ்ரோ விமானங்கள் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டுத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்ரோ! நான் கிணற்றடியில் நின்று கை அசைத்த அதே வகை விமானம். செய்தியை வாசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வாழைப் பாத்திதான் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக உள்ளது.

யாழ்ப்பாணம் 1995 இறுதியில் படையினர் வசமான பின்னர் பொதுமக்களுக்கான விமானங்கள் மீண்டும் ஓடின. தரைப்பாதை இல்லை. எனவே அது வசதி படைத்தவரின் வாகனமாக அன்றி, வேறு வழியற்றவரின் வாகனமாக இருந்தது. நோயாளி, வெளிநாட்டுக்குப் புறப்படும் மணமகள், நேர்முகத் தேர்வுக்குப் போகும் பட்டதாரி, பிள்ளையைப் பார்க்கப் போகும் தாய் ஆகியோர்தான் அதில் இருந்தனர். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் மன்னார்க் கடற்பரப்புக்கு மேல் தொடர்பை இழந்தது. அதில் 55 பேர் இருந்தனர். பயணிகள் அனேகமாக எல்லாரும் தமிழர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்ந்தது என்றே நம்பப்படுகின்றது.

அன்றிரவு நான் கொழும்பில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தேன். தொலைபேசி ஓயவில்லை. அழைத்தவர்கள் விமானம் விழுந்ததா என்று கேட்கவில்லை. “தம்பி, லிஸ்ற் வந்திட்டுதோ?” என்றே கேட்டனர். பட்டியல் வந்ததும் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டிய பொறுப்பு என் மேசைக்கு வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சான தமிழ்ப் பெயர்களைத் தமிழுக்குத் திருப்புவது எவ்வளவு கடினம் என்பதைப் பத்திரிகையாளர் அறிவர். ஒரே எழுத்துக் கூட்டல் இரண்டு பெயராகலாம். ஒருவரைத் தவறாக எழுதினால் ஒரு வீட்டில் வீண் ஓலமும் இன்னொரு வீட்டில் வீண் நம்பிக்கையும் எழும். விடியும் வரை வாசித்து வாசித்துத் திருத்தினேன். அந்த விமானத்தின் சிதைவுகள் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் கண்டெடுக்கப்பட்டது 2012இல்தான். இடையில் கழிந்த பதினான்கு ஆண்டுகளும் சில தாய்மார் பிள்ளை எங்கோ கரையேறியிருப்பான் என்று நேர்த்தி வைத்துக் கொண்டிருந்தனர்.

2002இல் போர் நிறுத்தம் வந்தது, ஏ-9 வீதி திறந்தது, சிவில் விமானங்களும் மீண்டும் பறந்தன. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியதும் வீதி மூடப்பட்டது. திருகோணமலைக்குக் கப்பல், இரத்மலானைக்கு விமானம் என்ற பழைய நிலை திரும்பிற்று. இனிச் சொல்லப் போவது அக்காலத்து என் சொந்தப் பயணம்.

2007ஆம் ஆண்டின் தொடக்கம். கொக்குவிலில் வாடகை வீட்டில் இருந்த அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக் கொண்டார். தங்கை தொலைபேசியில், “அண்ணா, நீ ஒருக்கா வந்திட்டுப் போ, அவா உன்னைத்தான் கேக்கிறா” என்றாள். நான் அனுமதிக்கு விண்ணப்பித்தேன். எங்கு, யாரிடம் என்பதை விடுவோம். ஒரு கதிரையில் இருந்தவர் இன்னொரு கதிரையைக் காட்டினார், அவர் மறு கிழமை வரச் சொன்னார். பத்திரிகையாளன் என்பது உதவும் என்று நினைத்தவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டதும் விண்ணப்பம் அடியில் போயிற்று. பதினேழாம் நாள் அனுமதி கிடைத்தது. ஆசனத்துக்கு மேலும் ஆறு நாட்கள்.

அதிகாலை மூன்று மணிக்குக் கொழும்பில் ஓரிடத்தில் கூடச் சொன்னார்கள். பொதி சோதனை, உடற் சோதனை, பஸ், மீண்டும் சோதனை. எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவர் மகளுக்கென்று கொண்டுவந்த மின்கலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ‘வானொலிக்குத்தான்’ என்று மூன்று மொழிகளிலும் சொன்னார். மின்கலங்கள் மேசையிலேயே நின்றுவிட்டன. பறப்பு ஒரு மணித்தியாலம். எனக்கு யன்னலோர ஆசனம். குடாநாடு நெருங்கும்போது யன்னல் மறைப்புகளை இறக்கிவிடுமாறு அறிவித்தார்கள். எல்லாரும் ஓசையின்றி இறக்கினோம். உள்ளே ஒருவித மஞ்சள் இருள். சக்கரம் நிலத்தைத் தொட்ட அதிர்ச்சி மட்டும் முதுகில் தெரிந்தது. பதினேழு ஆண்டுகளின் பின் என் தாயாரின் ஊருக்கு நான் வந்து சேர்ந்த விதம் இதுதான். இறங்கியதும் திரைச்சீலை இழுத்து மூடிய பஸ்ஸில் ஏற்றினார்கள். வெளியே பார்க்க வேண்டாம் என்று ஒரு சிப்பாய் நல்ல தமிழில் சொன்னார். அந்த பஸ் எங்கள் வளவைக் கடந்து போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். திரைச்சீலையின் ஓரத்தில் ஒரு விரலளவு இடைவெளி இருந்தது. அதனூடாக எனக்குத் தெரிந்தது செம்மண்ணும் முட்கம்பியும் மட்டுமே.

யாழ்ப்பாணம் நகருக்குப் பலாலியில் இருந்து பதினாறு, பதினேழு கிலோமீற்றருக்கு மேல் இராது. கொழும்பில் மூன்று மணிக்குப் புறப்பட்டவன் கொக்குவில் வீட்டுப் படலையைத் திறந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. ஊரடங்கு நேரத்துக்கு இன்னும் அதிக நேரம் இருக்கவில்லை.

அம்மா கட்டிலில் படுத்திருந்தார். கையைப் பிடித்துக் கொண்டு முதலில் கேட்டது இடுப்பைப் பற்றியல்ல.

“தம்பி, பிளேன் இறங்கேக்கை எங்கட வளவைக் கண்டனியே?”

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து கொண்டாள்.

“கண்டனான் அம்மா.”

“வீடு நிக்குதோ?”

“நிக்குது. ஓடு கொஞ்சம் போட்டுது.”

“கிணத்தடிப் பனை?”

“ரெண்டும் நிக்குது.”

அம்மா கண்களை மூடிக் கொண்டார். ஓடுகளைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று சிறிது நேரம் கழித்துக் கேட்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் செய்தி எழுதி, ஆதாரமில்லாத ஒரு வரியையும் அச்சுக்கு விடமாட்டேன் என்று இளையவர்களுக்கு உபதேசம் செய்த ஒருவன் சொன்ன பொய் அது. அப்போது அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. பின்னாலேதான் வந்தது. ஏனெனில் அம்மா அதனை உண்மையாகவே எடுத்துக் கொண்டார். உறவினர் யார் வந்தாலும், “இவன் மேலை இருந்து கண்டவன், வீடு நிக்குதாம்” என்பார். நலன்புரி முகாமில் இருந்த ஊரவர் இருவர், தங்கள் வீடுகளும் தெரிந்தனவா என்று கேட்டு என்னிடம் வந்தனர். அவர்களுக்கு மறைப்பு இறக்கப்பட்டிருந்த உண்மையை முற்றத்துக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒருவர், “பரவாயில்லை தம்பி, கொம்மாவுக்குச் சொன்னதை எனக்கும் சொல்லியிருக்கலாம்” என்றார்.

திரும்பி வருவதற்கான அனுமதி இன்னும் நீண்டது. அதை எழுதினால் இக்கட்டுரை அதுவாகவே போய்விடும்.

போர் 2009இல் முடிந்தது. ஏ-9 வீதி திறந்ததும் மக்கள் விமானத்தை மறந்தார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதமும் திரும்பிற்று. காணிதான் திரும்பவில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வந்தது. உரிமையாளரை அறிய முடியவில்லை என்று அதில் ஒரு காரணம் கூறப்பட்டிருந்தது. அம்மாவுக்கு அதனை நானே வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “என்னைத் தெரியேல்லையாமோ? முகாமுக்கு நிவாரணம் குடுக்கேக்கை விதானையாருக்குத் தெரிஞ்சுதே” என்றார். ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். அம்மாவும் நடுங்கும் கையால் ஒப்பமிட்டார். அதன் பின்னர் பகுதி பகுதியாக நிலங்கள் விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறையும் மக்களிடம் வந்தது. எங்கள் துண்டு அந்தப் பகுதிகள் ஒன்றிலும் அடங்கவில்லை. அம்மா 2015இல் காலமானார்.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ என்ற பெயரில் திறந்து வைக்கப்பட்டது. சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் வந்திருந்தனர். சென்னையில் இருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்து இறங்கியது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலாவதாக எழுதப்பட்டது தெற்கில் சிலரால் பொறுக்கப்படவில்லை. நாட்கணக்கில் வாதம் நடந்தது. பலகையைப் பற்றி அத்தனை பேர் எழுதினர். பலகை நாட்டப்பட்ட நிலத்தைப் பற்றி எழுதியவர் சிலரே.

ஆயினும் நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதுவரை சென்னைக்குப் போக விரும்பிய யாழ்ப்பாணத்தவர் இரவு முழுவதும் பஸ்ஸில் நானூறு கிலோமீற்றர் தெற்கே சென்று, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மீண்டும் வடக்கு நோக்கிப் பறந்தார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது இதுதான். சிதம்பரம் போகும் முதியவர், வேலூரில் மருத்துவம் பார்க்கும் நோயாளி, புத்தகம் வாங்கப் போகும் என் போன்றவர், எல்லாருக்கும் இந்தச் சிறிய ஓடுபாதை ஓர் இரவையும் ஒரு பகலையும் மீட்டுத் தந்தது. நவம்பரில் தொடங்கிய ஒழுங்கான சேவை 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையில் இருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையும் வந்தபோது பெரிய மாமா உயிருடன் இல்லையே என்று நினைத்துக் கொண்டேன்.

இந்தச் சேவைகளில் எல்லாம் பறப்பவை ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானங்கள். எழுபது சொச்சம் ஆசனங்கள். குறுகிய ஓடுபாதையில் இறங்கி ஏறக்கூடியவை அவை. ஜெட் விமானம் வர வேண்டுமானால் ஓடுபாதை நீள வேண்டும். பாதுகாப்புக்கான வெற்று நிலம் இரு தலைப்பிலும் பக்கங்களிலும் விரிய வேண்டும். இதில் அரசியல் எதுவும் இல்லை, பறப்பியல் விதி. கனமும் வெக்கையும் கூடினால் எழுவதற்குத் தூரம் கூடுதலாக வேண்டும். தூரம் போதாவிட்டால் ஆளையோ பொதியையோ குறைக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகள் நேரே இங்கு இறங்க வேண்டும், தோட்டத்து விளைபொருள் இங்கிருந்து ஏற்றுமதியாக வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகின்றோம். நானும் பேசியிருக்கின்றேன், எழுதியும் இருக்கின்றேன். அந்த நிலம் யாருடையது என்று ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் பையில் உறுதி இருக்கிறது.

2024 நவம்பரில் சென்னையில் இருந்து திரும்பியபோது யன்னலோர ஆசனத்தைக் கேட்டு வாங்கினேன். பணிப்பெண் எல்லா யன்னல் மறைப்புகளையும் திறந்து வைக்கச் சொன்னார். இறங்கும்போது திறந்திருக்க வேண்டும் என்பதே விமானங்களின் பொது விதி. சொல்லி முடிப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். கடல் முடிந்து கரை வந்தது. கூரையற்ற சுவர்கள், பற்றைக்காடு, நேர்கோடுகளாய் வேலி, இடையிடையே புதிதாக உழுத செம்மண். எது வசாவிளான், எது பலாலி என்று எனக்குப் புரியவில்லை. நான் அறிந்தது கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்த ஊரை. மேலிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பனைகள் நின்றன. எந்தப் பனை என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஒரு நிமிடம் கூட இராது, சக்கரம் தொட்டுவிட்டது.

2025 ஏப்ரலில் வசாவிளான் சந்தியில் இருந்து பலாலிக்குச் செல்லும் வீதி முப்பத்து நான்கு ஆண்டுகளின் பின் திறக்கப்பட்டது. காலை ஆறில் இருந்து மாலை ஐந்து வரை மட்டும். நடந்து போகக் கூடாது, வாகனத்தை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தார்கள். திறந்த மறு கிழமை தங்கையின் மகன் தன் காரில் எங்களைக் கூட்டிச் சென்றான். அம்மாவின் பையில் இருந்த நில அளவைப் படத்தைத் தங்கை மடியில் விரித்து வைத்திருந்தாள். படம் பூச்சி அரித்து மடிப்புகளில் கிழிந்திருந்தது. அதில் வீதி ஒரு ஓரமாகவும், எங்கள் துண்டு உள்ளே மூன்றாவது கட்டமாகவும் இருந்தன.

“மெல்லமா ஓட்டு தம்பி” என்றாள்.

“நாப்பதுக்கு மேலை ஓடக் கூடாது சித்தி... அம்மா” என்று குழறினான். அவனுக்கும் பதற்றம்.

“பத்திலை ஓட்டு.”

“பின்னாலை வாகனம் வருது அம்மா.”

இடப்பக்கம் கம்பிவேலி. அதற்கு அப்பால் பற்றை. தங்கை படத்தில் விரலை வைத்து, வீதியில் இருந்து எத்தனை பரப்பு உள்ளே என்று வாய்விட்டு எண்ணிக் கொண்டு வந்தாள். நான் வெளியே பார்த்தேன். ஓரிடத்தில் இரண்டு பனைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கண்டிருப்பாள், அவளும் சொல்லவில்லை. அந்நேரம் எங்கள் தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கியது. மருமகன் அண்ணாந்து பார்க்கப் போய்க் காரைக் கொஞ்சம் ஆட்டிவிட்டான்.

பலாலிப் பக்கம் ஏறியதும் ஒரு கடையடியில் நிறுத்தினோம். தங்கை படத்தை மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்தாள்.

“பெருப்பிக்கப் போகினமாம் எண்டு கதை. எங்கட துண்டும் போகுமோ அண்ணா?”

“தெரியேல்லை.”

“நீ பேப்பர்க்காரன், உனக்குத் தெரியாதே?”

மருமகன் மூன்று சோடா வாங்கி வந்தான். அடுத்த மாதம் திருச்சிக்குப் போகப் பயணச் சீட்டு என்ன விலை என்று அவன் என்னைக் கேட்டுக் கொண்டிருந்தான்.